இரண்டாம் முறை கேட்பதற்காக ஒரு சங்கம்

எழுதி முடித்த கவிதையை வாசகர் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம். தீட்டி முடித்த ஓவியம் தன்னைப் புரிந்துகொள்ளப்போகும் கண்ணுக்காகச் சுவரில் காத்திருக்கலாம். ஆனால் தாளில் குறியீடுகளாக எழுதப்பட்ட இசை, அதை வாசிக்கக் கலைஞர்களும், அவர்கள் பழகிக்கொள்ளக் காலமும், இருந்து கேட்க ஓர் அவையும் கூடிவரும் வரை இசையாகவே ஆவதில்லை. மேற்கத்திய செவ்வியல் இசை பெரும்பாலும் இப்படி முன்கூட்டி முழுமையாக எழுதப்படும் இசை என்பதால், அங்கே ஒரு புதிய படைப்பின் விதி அதன் அரங்கேற்றத்தில் தீர்மானமாகிவிடுகிறது; அரைகுறை ஒத்திகையோடு வாசிக்கப்பட்டு, பழக்கமில்லாத செவிகளில் ஒரே ஒருமுறை விழுந்து, மறுநாள் நாளிதழ் விமர்சனத்தோடு அலமாரிக்குள் போய்விட்ட படைப்புகள் கணக்கற்றவை. புதிய இசையை வழங்குவதற்கென்றே உலகெங்கும் இன்று இயங்கிவரும் அமைப்புகள் பல இருந்தாலும், இந்தச் சிக்கலின் வேரை மிகத் துல்லியமாகக் கண்டுகொண்ட அமைப்பு 1918 முதல் 1921 வரை வியன்னாவில் மூன்றே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஒரு சிறு சங்கம்தான். அதன் பெயரை இசை வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. அதன் நடைமுறையைத்தான் பிற்காலம் போதிய அளவு கற்றுக்கொள்ளவில்லை.

அந்தச் சங்கத்தை நிறுவிய ஆர்னால்டு ஷோன்பெர்க் 1874-இல் வியன்னாவில் பிறந்தவர். அலெக்சாண்டர் செம்லின்ஸ்கியிடம் பெற்ற பயிற்சியைத் தவிரப் பெரும்பாலும் தாமாகவே இசை இலக்கணம் கற்றவர். ஒரு சுரத்தைத் தாய்வீடாகக் கொண்டு, எவ்வளவு தூரம் அலைந்தாலும் முடிவில் அங்கே திரும்பிவருவதுதான் ஐரோப்பிய இசையின் நெடுங்கால ஒழுங்கு. அந்தத் தாய்வீட்டை 1908-ஆம் ஆண்டையொட்டி முற்றாகத் துறந்து, எல்லாச் சுரங்களும் சம உரிமையோடு உலவும் ஒரு மொழிக்கு ஷோன்பெர்க் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய இரண்டாம் நால்வர் தந்தியிசை, அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றுக்கான படைப்பு, வியன்னாவில் அரங்கேறியபோது அவையில் கூச்சல் எழுந்தது. எனினும் 1913 பிப்ரவரி 23 அன்று, பழைய பாணியில் அவர் முன்னரே எழுதத் தொடங்கியிருந்த ‘குர்ரே பாடல்கள்’ என்னும் பெரும்படைப்பு ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரின் நடத்துகையில் அதே நகரில் பெருவெற்றி பெற்றது. ஆரவாரித்த அவைக்கு ஷோன்பெர்க் தலைவணங்கவில்லை, வாசித்த கலைஞர்களுக்கு மட்டுமே வணங்கினார். ஐந்து வாரங்கள் கழித்து, மார்ச் 31 அன்று, அவர் தம்முடைய படைப்பையும் செம்லின்ஸ்கி, தம் மாணவர்களான ஆன்டன் வெபெர்ன், ஆல்பன் பெர்க் ஆகியோரின் படைப்புகளையும் நடத்திய நிகழ்ச்சி கைகலப்பில் முடிந்தது, காவலர்கள் வந்தனர், நிறைவாக வாசிக்கப்படவிருந்த குஸ்டாவ் மாலரின் பாடல்கள் வாசிக்கப்படாமலே அரங்கு கலைந்தது. அன்று இடையில் நின்றுபோன பெர்க்கின் பாடல் தொகுதி முழுமையாக மேடையேற ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின, அதற்குள் பெர்க் இறந்தே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், ஓர் இரவின் கூச்சல் ஒரு படைப்புக்கு எவ்வளவு பெரிய கேடு செய்ய முடியும் என்பது விளங்கும்.

இந்த அனுபவங்களிலிருந்து ஷோன்பெர்க் வந்தடைந்த முடிவு, அவையோரின் அறியாமையைப் பழிப்பதோடு நின்றுவிடவில்லை. பழக்கமான படைப்பைக் கலைஞர் தவறாக வாசித்தாலும் கேட்பவர் மனத்துக்குள் அதைத் திருத்திக்கொண்டு கேட்க முடியும். பழக்கமற்ற படைப்பு தெளிவின்றி வாசிக்கப்பட்டால் கலைஞரின் குழப்பம் படைப்பின் குழப்பமாகவே கேட்பவருக்குப் படும். ஆகவே புதிய இசைக்குப் பழைய இசையைவிடக் கூடுதலான ஒத்திகை வேண்டும். ஆனால் நடைமுறையில் கிடைத்ததோ அதைவிடக் குறைவானது. 1918 ஜூன் மாதத்தில், அவருடைய மாணவர் எர்வின் ராட்ஸ் முன்னின்று செய்த ஏற்பாட்டின்படி, பதினைந்து கருவிகளுக்கான தம் முதலாம் அறையிசைச் சிம்பொனியை அவர் பத்துப் பொது ஒத்திகைகளாக நடத்தினார். மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி ஒத்திகையைக் கேட்டனர். அறையிசை என்பது பெரிய இசைக்குழு இன்றி, ஒரு கருவிக்கு ஒருவர் என்ற அளவில் சிலர் கூடி வாசிப்பது. ஒரு படைப்பு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மெல்ல மெல்ல உருப்பெறுவதைப் பத்துமுறை கேட்டவர்களுக்கு அது ஐந்தாண்டுகளுக்கு முன் கைகலப்பில் முடிந்த நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட அதே படைப்பு என்பது நம்பக் கடினமாக இருந்திருக்க வேண்டும். பின்னர் வந்த சங்கத்தின் விதை இந்தப் பத்து மாலைகளில்தான் இருந்தது.

போர் முடிந்து, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதைந்து, குடியரசு அறிவிக்கப்பட்ட 1918 நவம்பரில் சங்கம் தோன்றியது. அப்போது வியன்னாவில் உணவும் நிலக்கரியும் தட்டுப்பாடாக இருந்தன. கொள்ளைநோயாகப் பரவிய காய்ச்சல் ஓவியர் எகோன் ஷீலே உள்ளிட்ட பலரைக் கொண்டுபோயிருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டுமேயான இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் என்பது அதன் ஜெர்மன் பெயரின் பொருள். டிசம்பர் 29 அன்று நடந்த முதல் நிகழ்ச்சியில் ஸ்க்ரியாபினின் இரண்டு பியானோ சொனாட்டாக்களும், டெபுஸ்ஸியின் பாடல்களும், மாலரின் ஏழாம் சிம்பொனியும் இடம்பெற்றன. அந்தச் சிம்பொனி ஒரே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்கும் வடிவில் வழங்கப்பட்டது. வாரம் ஒருமுறை கூடுவது வழக்கமாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆல்பன் பெர்க் எழுதிய அறிக்கை, கலைஞர்களுக்கும் இசை ஆர்வலர்களுக்கும் தற்கால இசையைப் பற்றிய மெய்யான, துல்லியமான அறிவை வழங்குவதே சங்கத்தின் நோக்கம் என்று அறிவித்து, அதற்கான வழிகளாக மூன்றைக் குறிப்பிட்டது: தெளிவான, நன்கு ஒத்திகை பார்க்கப்பட்ட வாசிப்பு, அடிக்கடி திரும்ப வாசித்தல், விளம்பரத்தின் கேடான செல்வாக்கிலிருந்து நிகழ்ச்சியை விலக்கி வைத்தல்.

மூன்றாவது வழிதான் அன்றும் இன்றும் பேச்சுக்கு இடமாகியிருக்கிறது. விமர்சகர்கள் அந்தப் பணியை முன்னிட்டு வர அனுமதியில்லை; நிகழ்ச்சி பற்றிச் செய்தி வெளியிடக் கூடாது; கைதட்டலும் கூடாது, எதிர்ப்புக் குரலும் கூடாது; என்ன வாசிக்கப்படும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. இவற்றைக் கேட்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, இது ஒரு மூடிய மடம் என்ற எண்ணமே. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. வெற்றி தோல்வி என்னும் தீர்ப்பு அந்த இரவிலேயே வழங்கப்படாதபோதுதான் கேட்பவர் அடுத்த வாரம் மீண்டும் கேட்கும் மனநிலையோடு வீடு திரும்புவார். நிகழ்ச்சி நிரலை அறிவித்தால் கடினமான படைப்புகளின் இரவில் நாற்காலிகள் காலியாகி, எளிதானவற்றின் இரவில் நிரம்பும். அறிவிக்காவிட்டால் எல்லாப் படைப்புக்கும் ஒரே அவை கிடைக்கும். கைதட்டலுக்கான தடையைப் பின்வந்தோர் ஒரு வியப்புச் செய்தியாகவே திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றனர். சங்கத்தின் விதிகளில் இன்றியமையாமை குறைந்தது அதுவே என்று கொள்ளலாம்.

உண்மையான உழைப்பு முதல் வழியில் இருந்தது. ஒவ்வொரு படைப்புக்கும் ‘நிகழ்த்துகைப் பொறுப்பாளர்’ என ஒருவர் அமர்த்தப்பட்டார். வெபெர்ன், பெர்க், பியானோக் கலைஞர் எட்வார்ட் ஸ்டாய்ர்மான், வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ், எர்வின் ஸ்டைன், பென்னோ சாக்ஸ் முதலியோர் அந்தப் பொறுப்பை ஏற்றனர். படைப்பை முதலில் முழுமையாகப் பயில்வதும், வாசிப்பவர்களுக்கு அதன் கட்டுமானத்தை விளக்குவதும், எந்தக் குரல் முதன்மை, எது துணை என்று வகுத்துக்கொடுப்பதும், தெளிவு கிட்டும் வரை ஒத்திகையைத் தொடர்வதும் அவர்கள் கடமை. ஒத்திகைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது என்பதே இங்கே புரட்சிகரமானது; மண்டபத்தின் நாள் வாடகையும் கலைஞர்களின் மணிக்கணக்கும் ஒத்திகையின் நீளத்தை முடிவு செய்யும் உலகில், படைப்பு முடிவு செய்யட்டும் என்று ஓர் அமைப்பு சொன்னது. கோலிஷ் பிற்காலத்தில் தம் பெயரால் நடத்திய புகழ்பெற்ற தந்தியிசை நால்வர் குழு, மிகக் கடினமான புதிய படைப்புகளையும் முன்னே தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தது. அந்த ஒழுக்கம் இந்தச் சங்கத்தின் ஒத்திகை அறைகளில் பிறந்தது.

இரண்டாவது வழியான திரும்ப வாசித்தலுக்குச் சான்றாக எண்களே நிற்கின்றன. மூன்றாண்டுகளில் 117 நிகழ்ச்சிகளில் 154 படைப்புகள் 353 முறை வாசிக்கப்பட்டன. அதாவது ஒரு படைப்பு சராசரியாக இரண்டு முறைக்கும் மேல் அதே அவைக்கு வழங்கப்பட்டது. தற்கால இசைக்கென நடைபெறும் எந்தப் பெருவிழாவின் நிகழ்ச்சி நிரலையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாட்டை விளக்க வேண்டியிராது.

போதிய பணமோ பெரிய இசைக்குழுவோ இல்லாத நிலையில், சிம்பொனிகளைச் சங்கம் சிறு குழுவுக்கு மாற்றி எழுதிக்கொண்டது. நான்கைந்து தந்திக் கருவிகள், ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பியானோ, ஒரு ஆர்மோனியம் ஆகியவையே பெரும்பாலும் அந்தக் குழு. நம் நாட்டு நாடக மேடையும் பஜனை மடமும் தமதாக்கிக்கொண்ட அதே ஆர்மோனியம், நூறு பேர் கொண்ட இசைக்குழுவில் ஊதுகருவிகள் நிரப்பும் நீண்ட ஒலிகளை அங்கே தனியொருவராகத் தாங்கியது. மாலரின் நான்காம் சிம்பொனியை ஸ்டைனும், டெபுஸ்ஸியின் புகழ்பெற்ற முன்னிசையான ‘ஒரு ஃபானின் பிற்பகல்’ படைப்பைச் சாக்ஸும், மாலரின் ‘வழிப்போக்கன் பாடல்கள்’ தொகுதியை ஷோன்பெர்க்கே நேராகவும் இப்படி மாற்றி எழுதினர். இசைக்குழுவின் வண்ணப்பூச்சை நீக்கிவிட்டாலும் படைப்பின் எலும்புக்கூடு நிற்கிறதா என்று பார்ப்பதற்கு இது நல்ல வாய்ப்பு என்று பெர்க்கின் அறிக்கை கருதியது; வறுமையிலிருந்து ஒரு கேட்கும் முறையே உருவாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் மேடையில் கலைஞர்கள் நெருங்கி அமர முடியாதபோது, பல நாடுகளின் இசைக்குழுக்கள் இந்த மாற்றுவடிவங்களைத் தேடி எடுத்து வாசித்தன.

தலைவர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளும் மேடையாகச் சங்கம் அமையவில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கக் காலத்தில் தம்முடைய படைப்பு எதையும் வாசிக்க ஷோன்பெர்க் இடந்தரவில்லை. மிகுதியாக வாசிக்கப்பட்டவர் மாக்ஸ் ரேகர் என்னும் ஜெர்மானியப் படைப்பாளர். டெபுஸ்ஸி, பார்டோக், ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி எனப் பல திசையினர் இடம்பெற்றனர். ஃபிரான்ஸ் அண்மைவரை பகைநாடாக இருந்ததைச் சங்கம் பொருட்படுத்தவில்லை. 1920-இல் ராவெல் வியன்னாவுக்கு வந்தபோது சங்கம் அவரை வரவேற்று அவர் இசையை வழங்கியது. பன்னிரண்டு சுரங்களையும் ஒரே வரிசை ஒழுங்கில் கையாளும் தம் பன்னிரு சுர முறையை உருவாக்கிக்கொண்டிருந்த, படைப்பாளராகப் பெரும்பாலும் மௌனமாக இருந்த ஆண்டுகளை, ஷோன்பெர்க் பிறருடைய இசை சரியாகக் கேட்கப்பட வேண்டும் என்பதற்குச் செலவிட்டார்.

பணமதிப்பு வீழ்ச்சிதான் சங்கத்தை முடித்தது. 1921 மே மாதம் 27 அன்று, நிதி திரட்டுவதற்காக யோஹான் ஸ்ட்ராவுஸின் வால்ட்ஸ் நடன இசையை ஷோன்பெர்க், பெர்க், வெபெர்ன் மூவரும் சிறு குழுவுக்கு மாற்றி எழுதி வாசித்தனர். மாற்றுவடிவங்களின் கையெழுத்துப் படிகள் ஏலத்தில் விடப்பட்டன. வால்ட்ஸ் இசையையும் அதே கவனத்தோடு அவர்கள் அணுகியதால் அந்த வடிவங்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஆனால் போருக்கு முன் ஏறத்தாழ ஐந்து குரோனாக இருந்த ஒரு டாலரின் விலை 1922 கோடையில் எழுபதாயிரத்தைத் தாண்டும் அளவுக்குப் பணமதிப்பு சரிந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், உறுப்பினர் கட்டணத்தை நம்பிய அமைப்புக்கு எந்த ஏலமும் போதுமானதாக இருக்க முடியாது. 1921 டிசம்பரில் நிகழ்ச்சிகள் நின்றன. புரூக்னரின் ஏழாம் சிம்பொனிக்காக ஸ்டைன், ஹான்ஸ் ஐஸ்லர், கார்ல் ராங்கிள் ஆகியோர் எழுதிவைத்த மாற்றுவடிவம் சங்கத்தில் ஒலிக்கவே இல்லை. மாலரின் ‘மண்ணின் பாடல்’ படைப்புக்கு ஷோன்பெர்க் தொடங்கிய வடிவம் பாதியில் நின்று, 1983-இல்தான் ரைனர் ரீன் என்பவரால் நிறைவு செய்யப்பட்டது.

குறைகளை மறைப்பதற்கில்லை. சங்கத்தின் விதிகள் தலைவருக்கு ஏறத்தாழ முழு அதிகாரத்தை வழங்கின. எதை வாசிப்பது, எதை விடுவது என்பதில் உறுப்பினர் கருத்துக்கு இடம் மிகக் குறைவு. விமர்சகரை வெளியே நிறுத்தியதில் நியாயம் இருந்தாலும், நல்ல விமர்சனம் கேட்பவருக்குக் கைவிளக்காக அமையக்கூடும் என்ற வாய்ப்பையும் அது மூடிவிட்டது. எனினும் மேட்டிமை என்ற குற்றச்சாட்டு இவர்களுக்குப் பொருந்தாது. சங்கம் நின்றபின் வெபெர்ன் வியன்னாவின் தொழிலாளர் சிம்பொனி நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகள் நடத்தி, குறைந்த கட்டணத்தில் வந்தமர்ந்த தொழிலாளர்களுக்கு மாலரின் பெரும்படைப்புகளைச் சங்கத்தின் அதே கண்டிப்போடு வழங்கினார். மூடிய அறையில் கற்ற ஒழுக்கம் திறந்த மண்டபத்துக்கும் உரியது என்பதை அவர் செய்து காட்டினார்.

சங்கத்தின் வழித்தோன்றல்கள் பல. பிராகாவில் செம்லின்ஸ்கி அதே பெயரில் ஓர் அமைப்பை 1922 முதல் 1924 வரை நடத்தினார். 1922-இல் சால்ஸ்பர்கில் உருவான தற்கால இசைக்கான பன்னாட்டுச் சங்கம் இன்றும் ஆண்டுதோறும் நாடு மாற்றி விழா நடத்திவருகிறது. எல்லைகளைக் கடந்து படைப்புகளைக் கொண்டுசேர்த்ததில் அதன் தொண்டு பெரிது, ஆனால் விழா என்ற வடிவமே ஒருமுறை வாசித்து நகர்ந்துவிடுவதை இயல்பாக்கியது. 1930-களில் நாஜி ஆட்சி இந்த வியன்னாக் குழுவினரில் பெரும்பாலோரை நாடுகடந்து ஓடச் செய்தது; ஷோன்பெர்க் 1934-இல் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார். அதே நகரில் 1939-இல் எழுத்தாளர் பீட்டர் யேட்ஸும் பியானோக் கலைஞரான அவர் மனைவி ஃபிரான்சிஸ் மல்லனும் தம் வீட்டு மாடியில் தொடங்கிய ‘கூரைமேல் மாலைகள்’ என்ற தொடர், வியன்னாச் சங்கத்தின் உறவினராகவே தோன்றுகிறது; அந்த மாடியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லரும் வியன்னாவில் பிறந்தவரே. பகலில் திரைப்பட நிறுவனங்களில் பிழைப்புக்காக வாசித்த கலைஞர்கள், மிகச் சிறிய ஊதியத்துக்கு அங்கே பார்டோக்கையும் ஷோன்பெர்க்கையும் பழகி வாசித்தனர். 1954 முதல் ‘திங்கள் மாலை இசை நிகழ்ச்சிகள்’ என்ற பெயரில் லாரன்ஸ் மார்ட்டன் பொறுப்பில் தொடர்ந்த அந்த அமைப்பில் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்புகள் அரங்கேறின. பியர் பூலேஸ் 1957-இல் தம் ‘உரிமையாளனற்ற சுத்தியல்’ படைப்பை அங்கே நடத்தினார்.

அதே பூலேஸ் 1976-இல் பாரிஸில் நிறுவிய சமகால இசைக் குழு, 31 தனிநிலைக் கலைஞர்களுக்கு நிலையான ஊதியம் வழங்கிப் புதிய இசையை மட்டுமே அவர்கள் பயில வகைசெய்தபோது, வியன்னாச் சங்கம் கைப்பணத்தில் செய்ய முயன்றதை ஓர் அரசின் நிதி செய்தது. எல்லா நாடுகளிலும் அத்தகைய நிதி கிடைப்பதில்லை. கிடைக்கும் நிதியும் பெரும்பாலும் முதல் அரங்கேற்றத்தையே நாடிச் செல்கிறது. புதிய படைப்பை எழுதச் சொல்லிப் பணம் கொடுக்கும் அறக்கட்டளைக்கும், அதை ஏற்கும் இசைக்குழுவுக்கும், ‘உலகில் முதன்முறை’ என்ற சொல் அறிவிப்புத் தாளில் அழகாக இருக்கிறது. அதே படைப்பை வேறொரு குழு இரண்டாம் முறை வாசிக்க முன்வந்தால் அதற்கு உதவ எவருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. இந்த ஏற்பாடு படைப்பாளருக்கு ஒரு நாள் புகழைத் தருகிறது. கேட்பவருக்கு எதையும் தருவதில்லை. புதிய இசையை வழங்கும் அமைப்புகளை நடத்துவோர், குறைவான படைப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒத்திகையை இரட்டிப்பாக்கி, அரங்கேற்றத்தை அறிவிக்கும் அதே தாளில் இரண்டாம் நிகழ்ச்சியின் தேதியையும் அச்சிட வேண்டும். நிதி வழங்குவோர் அதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

இந்த வேண்டுகோளுக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. பெர்க் 1935 டிசம்பரில் இறந்தார். அவர் நிறைவு செய்திருந்த வயலின் கான்செர்டோ, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் எதிரெதிர் நின்று உரையாடும் படைப்பு, 1936 ஏப்ரல் 19 அன்று பார்சிலோனாவில் தற்கால இசைக்கான பன்னாட்டுச் சங்கத்தின் விழாவில் அரங்கேற ஏற்பாடாகியிருந்தது. நடத்த வந்தவர் வெபெர்ன். நண்பரை இழந்த துயரும், ஒவ்வொரு சுரமும் தெளிவுபடாமல் அடுத்ததற்கு நகரமாட்டாத வியன்னாப் பழக்கமும் சேர்ந்துகொள்ள, கிடைத்த சில ஒத்திகைகளின் பெரும்பகுதியை அவர் படைப்பின் தொடக்கத்திலேயே செலவிட்டார். நேரம் போதாது என்று கண்டு விலகிக்கொண்டார். ஹெர்மன் ஷெர்கன் கடைசி நேரத்தில் பொறுப்பேற்று அரங்கேற்றத்தைக் காப்பாற்றினார். பன்னிரண்டு நாள்கள் கழித்து, மே 1 அன்று, லண்டனில் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவோடு அதே படைப்பு இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது; வயலின் வாசித்தவர் பார்சிலோனாவில் வாசித்த அதே லூயி கிராஸ்னர், நடத்தியவர் வெபெர்ன். அந்த இரவின் வானொலி ஒலிபரப்பைப் பதிவு செய்த தட்டுகளைக் கிராஸ்னர் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். தேய்ந்த ஒலியோடு அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது.